எட்டாம் நம்பர் கட்டிலும் கதிரேசனின் வண்டியும்

சாம்பார் வாளியைக் கவிழ்த்தவள் நான். அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் கதிரேசன். அந்த நிமிஷம் வரைக்கும் அவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

தேனாம்பேட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். நோயாளிகளுக்குச் சாப்பாட்டு ட்ரே கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு, பதினோரு வருஷமாக. சமையல்கட்டு கீழ்த்தளத்தில் இருக்கிறது. லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து உண்டு. தள்ளுவண்டியின் முன்சக்கரம் தினமும் அதில் மாட்டும். ஒரு காலால் அடியில் எத்தி, இடுப்பால் முட்டினால்தான் வண்டி உள்ளே ஏறும். அன்றைக்கு எத்தினது கொஞ்சம் கூடிப்போய் வண்டி சாய்ந்தது. மேலே இருந்த சாம்பார் அத்தனையும் தரையில்.

சத்தம் கேட்டு மேனேஜர் கோதண்டபாணி சார் ஓடிவந்தார். "யாரு பண்ணது இது?"

நான் வாளியை நிமிர்த்தப் போனேன். லிஃப்ட் ஓரத்தில் அளவு டேப்பும் கையுமாகக் குந்தியிருந்த ஒரு ஆள் எழுந்தார். "நான்தான் சார். சக்கரம் எவ்ளோ சாயும்னு பாக்கறதுக்கு இழுத்துட்டேன். அந்தம்மா வேணான்னுதான் சொன்னாங்க."

சார் அவரை நன்றாகத் திட்டிவிட்டுப் போனார். அந்த ஆள் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். நான் வாய் திறப்பதற்குள், "எக்கா, தினமும் இப்டித்தான் மாட்டுதா? எந்தக் காலால எத்துவீங்க?" என்று கேட்டார். வலது கால் என்றேன். ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

கதிரேசனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஈக்காட்டுத்தாங்கலில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை, கூட நாலு பேர். பிறந்தது அடையாற்றங்கரைக் குடிசையில். வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் பட்டறைக்கு வருவார். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது.

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் புதிதாகப் பன்னிரண்டு சாப்பாட்டு வண்டி செய்ய அவருக்கு ஆர்டர் கிடைத்திருந்தது. ஆபீஸில் படம் வரைந்து கையில் கொடுத்திருந்தார்கள். படத்தில் உள்ளபடி செய்து இறக்கிவிட்டுப் போயிருக்கலாம். இவர் என்ன செய்தார் என்றால், இரண்டு வாரம் எங்களோடு வண்டி தள்ள அனுமதி கேட்டார். கோதண்டபாணி சார் சிரித்துக்கொண்டே சரி என்றார். கூலி கேட்காமல் ஒரு ஆள் வண்டி தள்ளினால் யாருக்கு நஷ்டம்?

காலை ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுவார். வண்டி எப்படி வேண்டும் என்று எங்களை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் வேறு மாதிரி. இந்த வளைவில் ஏன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள்? கைப்பிடியில் ஏன் துணி சுற்றியிருக்கிறது? ட்ரேயை ஏன் கீழிருந்து எடுக்கிறீர்கள்?

எங்களில் வாய்த்துடுக்கு தேவானைக்குத்தான். ஐந்தாவது மாடி வார்டுகள் அவள் பொறுப்பு. "இன்னா நைனா," என்றாள் ஒரு நாள், "வண்டி செய்ய வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? இப்டி உத்து உத்துப் பாக்கற?"

"உன் மணிக்கட்டைத்தான்மா பாக்கறேன். எங்க வூட்ல சுலோச்சனாகிட்ட சொல்லிட்டுத்தான் வந்துகீறேன்."

"மணிக்கட்டைப் பாக்கப் போறேன்னா சொன்ன? அனுப்பிச்சாங்களா?"

"தொல்லை வுட்டுதுன்னு அனுப்பிச்சா."

ஏன் இப்படி மெனக்கெடுகிறார் என்று நானும் கேட்டேன். ராயப்பேட்டையில் ஒரு கல்யாணச் சமையல்காரருக்கு முன்பு ஒரு வண்டி செய்து கொடுத்தாராம். பளபளவென்று, அவரே பார்த்து மயங்குகிற மாதிரி. ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, அந்த வண்டியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்ததாம். அண்டாவைப் பழையபடி இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கிப் போனார்களாம். "வண்டி எப்டிக்கீதுன்னு கேட்டேன். நல்லாகீதுப்பான்னாங்க. துணி காயப்போட நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். சிரித்தார், ஆனால் முகம் சிரிக்கவில்லை.

அந்த இரண்டு வாரம் முடிகிற சமயத்தில்தான் அது நடந்தது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசையை நான் விடுவதில்லை. எழுதிக் கொடுத்து லீவு கேட்டால் கிடைக்காது. ஆகவே தேவானையும் நானும் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். முதல் வெள்ளி தன் மாடியோடு என் வேலையையும் அவள் பார்ப்பாள், ஆடி வெள்ளியில் அவள் கோயிலுக்குப் போகும்போது அவள் வேலையை நான் பார்ப்பேன். வழக்கமாக எனக்கு இரண்டாவது மாடி. அந்த மாதம்தான் என்னை நாலாவது மாடிக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மாடிக்கு தேவானை அதுவரை போனதே இல்லை.

நாலாவது மாடி வார்டில் எட்டாம் நம்பர் கட்டிலில் யாரும் படுக்க மாட்டார்கள். அஷ்டமி நம்பர், ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் அழுவார்கள், சண்டை போடுவார்கள். யாரோ ஒரு நர்ஸம்மா எந்தக் காலத்திலோ அந்தக் கட்டிலில் '7ஏ' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். ஏழு, ஏழு-ஏ, ஒன்பது என்று போகும். கம்ப்யூட்டருக்கு இது தெரியாது. சமையல்கட்டுக்கு வருகிற லிஸ்டில் எட்டு என்றே வரும். அந்த வார்டில் வேலை செய்கிறவர்களுக்கு எட்டு என்றால் ஏழு-ஏ. தேவானையின் ஐந்தாவது மாடியிலோ எட்டாவது கட்டிலையே தூக்கிவிட்டு, அங்கே ஒரு பீரோவைப் போட்டிருந்தார்கள். அவளுக்கு எட்டு என்றால் கட்டிலே கிடையாது.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

லிஸ்டில் எட்டுக்கு நேரே மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அது இருந்தால் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, அன்றைக்கு ஆபரேஷன் என்று அர்த்தம். நாங்கள் படிக்காதவர்கள்தான், ஆனால் அந்த மூன்று எழுத்தைத் தூக்கத்திலும் அடையாளம் கண்டுபிடிப்போம். தேவானையும் பார்த்தாள். எட்டாம் கட்டிலைத் தேடினாள். இல்லை. அவள் மாடியில் இல்லாத மாதிரி இங்கேயும் இல்லை என்று நினைத்து, மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஏழு-ஏயில் இருந்த பெரியவரின் மைத்துனர் அன்று விடியற்காலைதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "எல்லாருக்கும் குடுத்தீங்க, எங்களுக்கு இல்லையா? மாமா சுகர் பேஷண்டும்மா, மயக்கம் வந்துரும்" என்றார். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு ட்ரே கூடுதலாக வைப்பது எங்கள் வழக்கம். சமையல்கட்டில்தான் விட்டுவிட்டார்கள் போல என்று அதை எடுத்துக் கொடுத்தாள். பெரியவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் கடைசியாக ஒரு தரம் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டதால் பெரியவர் பிழைத்தார். ஆண்டவர் காப்பாற்றினார். ஆபரேஷன் நின்றது, வீட்டார் கூச்சல் போட்டார்கள். பத்து மணிக்குள் தேவானையின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நோயாளி உயிரோடு விளையாடினாள் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது. புருஷன் இல்லை. கண் தெரியாத மாமியாரும் பிளஸ் டூ படிக்கிற மகளும் அவள் ஒருத்தி கையை நம்பித்தான்.

அன்றைக்கு ராத்திரி போன் செய்தாள். "எக்கா, நீ பூசைக்குப் போனத சொல்லிடாத. உன் வேலையும் போயிடும்," என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமை காலை பின்கேட் பக்கம் கதிரேசனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. "தேவானை முதல்ல எங்க நின்னாங்க? லிஸ்ட்டு எந்தக் கைல? அந்தக் கூடுதல் ட்ரே எந்தத் தட்டுல?" என்று கேட்டுக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. மனிதர் கல்லா என்றுகூட நினைத்தேன். கடைசியில் நோட்டை மூடி, "எக்கா, அவங்க இடத்துல நான் இருந்தாலும் குடுத்திருப்பேன்," என்றார்.

அன்றைக்கே கோதண்டபாணி சாரிடம் போய்ப் பேசியிருக்கிறார். கதவு திறந்திருந்ததால் வெளியே எனக்குக் கேட்டது.

"மிஸ்டர் கதிரேசன், நீங்க வெல்டிங்குக்கு வந்தீங்க. அதோட நில்லுங்க."

"வெல்டிங்தான் சார். ஆனா நீங்க குடுத்த படத்துல வண்டியில நம்பரே இல்ல. கூடுதல் ட்ரேக்கு மட்டும் தனியா இடம் போட்டுகீறீங்க. அப்டியே செஞ்சா இன்னொரு தடவ இதே நடக்கும்."

"படம் நான் போட்டது."

"தெரியும் சார்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு சார், "பன்னிரண்டு வண்டி ஆர்டர் உங்களுக்கு வேணுமா, வேணாமா?" என்றார். கதிரேசன் பதில் சொன்னாரா என்று தெரியாது. வெளியே வந்தபோது காது மடல் சிவந்திருந்தது.

விசாரணையை நடத்த வேண்டியவர் மனிதவளப் பிரிவில் இருந்த சிம்ரா மேடம். முப்பது வயது இருக்கும், கறாரானவர். புதன்கிழமை அவர் அறைக்குக் கதிரேசன் போனார், நானும் கூடவே போனேன். "நாளைக்கு விசாரணைக்கு முன்னாடி பத்து நிமிஷம் எங்ககூட கீழ வாங்க மேடம். ஒரு தடவ வண்டி தள்ளிப் பாத்துட்டு அப்புறம் எழுதுங்க," என்றார். மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நிமிஷம்தான்," என்றார்.

வியாழக்கிழமை விடியும்வரை ஜெபமாலை உருட்டினேன். மாதாவே, எனக்கு வாயைத் திறக்கத் தைரியம் கொடு என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

துணி வெளுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி அறை. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதிரேசன் இரண்டு வரிசையாகப் போட்டு, நம்பர் எழுதி ஒட்டியிருந்தார், வார்டில் இருக்கிறபடியே. எங்கள் பழைய வண்டி, காலி ட்ரேக்கள், லிஸ்ட். கோதண்டபாணி சார் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"வார்டுல பதிமூணு நிமிஷம் குடுப்பாங்க. இங்க நடை கம்மி, அதனால ஆறு. ஆரம்பிங்க மேடம்," என்று கதிரேசன் போனில் நேரம் வைத்தார்.

மேடம் வேகமாகத்தான் கொடுத்தார். ஒன்று, இரண்டு, ஏழு வரைக்கும். எட்டு வந்தபோது நின்றார். லிஸ்டைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். "எட்டு எங்க?"

"பாத்தீங்களா?" என்றார் கோதண்டபாணி சார் உடனே. "மேடத்துக்குக் கேக்கணும்னு தோணுது. அந்தம்மாவுக்கு ஏன் தோணல? இதைத்தான் நான் அலட்சியம்னு சொல்றேன்."

அவ்வளவுதான், தேவானை போனாள் என்று நினைத்தேன்.

கதிரேசன் குரல் உயரவில்லை. "கேளுங்க மேடம். யாரக் கேப்பீங்க?"

"டியூட்டி நர்ஸை."

"நர்ஸு இவங்கதான்." என்னைக் காட்டினார்.

இதை அவர் முன்கூட்டி என்னிடம் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மேடத்தின் முன்னால் நான் என்ன பேசுவது? ஆனால் பதினோரு வருஷமாக என் காதில் விழுந்த குரல் தானாக என் வாயிலிருந்து வந்தது. "இந்தாம்மா, டாக்டர் ரவுண்ட்ஸ் போய்ட்டிருக்கார், கண்ணு தெரியல? வண்டியை ஓரமா தள்ளு. லிஸ்ட்ல இருக்கறத குடுத்துட்டுப் போய்ட்டே இரு."

மேடம் திடுக்கிட்டுப் போனார். "லிஸ்ட்ல எட்டுன்னு இருக்கு, இங்க எட்டு இல்லையே..."

"இல்லன்னா இல்லன்னுதான் அர்த்தம். என்கிட்ட ஏன் கேக்கற? போ, போ."

"ரெண்டு நிமிஷம் கீது மேடம்," என்றார் கதிரேசன்.

மேடம் மீதியைக் கொடுத்தார். வண்டியைத் திருப்பும்போது சக்கரம் நாற்காலிக் காலில் மாட்டியது, அதை இழுத்து எடுத்தார். நெற்றியில் வேர்வை. அதற்குள் கதிரேசன் ஏழு-ஏயில் போய் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, எல்லாருக்கும் குடுத்துக்கினு போற, எங்களுக்கு இல்லியா? மாமாவுக்கு சுகரு. மயக்கம் வந்தா நீயா பதில் சொல்லுவ?"

மேடம் கூடுதல் ட்ரேயைக் கையில் எடுத்தார். கொடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. லிஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நர்ஸ் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "சீக்கிரம்மா, கை நடுங்குது பாரு அவருக்கு," என்றார் கதிரேசன். போன் மணி அடித்தது. ஆறு நிமிஷம் முடிந்துவிட்டது. மேடம் ட்ரேயோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"சார்," என்றார் கடைசியில், கோதண்டபாணி சாரைப் பார்த்து. "என்ன நடந்துச்சுன்னு ஃபைல்ல படிச்சிட்டுத்தான் வந்தேன். அப்படியும் இதைக் குடுக்கறதா வேணாமான்னு எனக்குத் தெரியல."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மேடம், அன்னைக்கு நாலாவது மாடி என் டியூட்டி. நான் பூசைக்குப் போயிருந்தேன். எட்டுதான் ஏழு-ஏன்னு தேவானைகிட்ட நான் சொல்லல. தண்டனை எனக்குக் குடுங்க."

"அது தனியா எழுதுவேன்," என்றார் மேடம் கறாராக. பிறகு, "அந்த ஸ்டிக்கர் ஒட்டினது யாரு?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

கோதண்டபாணி சாருக்கு முகம் கறுத்துப்போயிற்று. "அப்ப ஜோசியத்துக்காக கம்ப்யூட்டரை மாத்தச் சொல்றீங்களா?"

"ஜனங்க எட்டுல படுக்க மாட்டாங்க சார். அவங்கள மாத்தறீங்களா, கம்ப்யூட்டர மாத்தறீங்களா? எது சுளுவோ அத்த செய்ங்க," என்றார் கதிரேசன்.

பதினோரு மணிக்குத் தேவானையை உள்ளே கூப்பிட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில் நான் நின்றேன். பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. வேலை நிலைத்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள் அடுத்த நிமிஷமே, "உன் பூசையால வந்தது, எனக்கு ஒரு பிரியாணி வாங்கிக்குடு," என்றாள்.

அந்த வாரமே லிஸ்டில் எட்டுப் போய் 7ஏ வந்தது. கதிரேசன் படத்தை ஒதுக்கிவிட்டுத் தன் நோட்டில் குறித்திருந்தபடி நாலு வண்டி செய்து கொண்டுவந்தார். ஒவ்வொரு ட்ரேக்கும் தனி அறை, ஒவ்வொரு அறையிலும் அந்தந்த வார்டுக் கட்டிலின் நம்பர். வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவரின் அறைக்குக் குறுக்கே சிவப்புத் தகடு ஒன்றைச் சமையல்கட்டிலேயே தள்ளிப் பூட்டிவிடுவார்கள். அதற்குள் ட்ரே வைக்கவே முடியாது. கூடுதல் ட்ரேக்கு இடமே இல்லை. யாராவது கேட்டால் கீழே போன் செய்ய வேண்டும்.

பாக்கி எட்டு வண்டிக்கு ஆபீஸில் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சொன்னதைச் செய்கிற ஆள் போதும் என்று கோதண்டபாணி சார் சொன்னாராம். நாலாவது வண்டியை இறக்கிய அன்று பின்கேட்டில் கதிரேசன் கொண்டுவந்த குட்டி யானை வேன் நின்றிருந்தது. எங்களால் உங்கள் ஆர்டர் போயிற்றே என்று சொல்ல நினைத்தேன், முடியவில்லை. வண்டி ரொம்ப நன்றாக இருக்கிறது தம்பி, மாதா உங்களை ஆசீர்வதிப்பாள் என்று மட்டும் சொன்னேன். அன்றைக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு தலையை வெளியே நீட்டினார்.

"எக்கா, நாளைக்கு தேவானைய தள்ளச் சொல்லுங்க. எங்கனா கை நோவும், இன்னாவாச்சும் கண்டிப்பா மாட்டும். அவங்க திட்டறத அப்டியே எனக்கு போன்ல சொல்லுங்க. நல்லாகீதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க."